நிப்பிளில் கிரீஸ் அடித்தால் போதாது, ஹப்பைத் திறந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பயண டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் கோர்த்து இழுத்துப் போகும் தங்கும் வண்டி, அதன் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் சேர்ந்து படித்தோம். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது, பேட்டரியைப் பார்த்துக்கொள்வது, கூரையில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது என்று எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் சக்கரத்தைப் பற்றி மொத்தக் கட்டுரையிலும் ஒரே ஒரு வரிதான்: கிளம்பும் முன் நிப்பிளில் நாலு முறை கிரீஸ் அடித்துவிட்டால் பேரிங் பற்றிக் கவலை வேண்டாம் என்று. நிப்பிள் என்பது கிரீஸ் கன்னை மாட்டி அழுத்தும் சின்ன முனை, பேரிங் என்பது சக்கரம் உரசாமல் சுற்ற வைக்கும் உருளை வளையம், அது உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதிதான் ஹப். அந்த வரி எனக்குப் பதற்றத்தைத்தான் தந்தது. இதையே நம்பி நாங்கள் ஒரு முறை குடும்பத்தோடு கிளம்பி நெடுஞ்சாலையில் நின்றிருக்கிறோம், அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு டிரெய்லரை ஒரு பட்டறையில் விட்டிருந்தோம். பேரிங் வேலை முடிந்தது, கிரீஸ் நிறைய போட்டாயிற்று என்றார்கள். ரசீதிலும் அப்படியே இருந்தது. கிளம்பிய முதல் நாளே பிரேக் மிதிக்கும்போது டிரெய்லர் லேசாக வலது பக்கம் இழுத்தது. நான் என்ன செய்தேன் என்றால், பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, வண்டிக்குள் இருக்கும், டிரெய்லர் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் பிரேக் கன்ட்ரோலரின் அளவைக் கூட்டி வைத்தேன். இழுப்பு இன்னும் அதிகமானது. இரண்டாம் நாள் மதியம் ஓய்விடத்தில் நிறுத்தியபோது பக்கத்தில் டிரெய்லரோடு நின்றிருந்த ஒரு பெரியவர் வந்து, உங்கள் இடது சக்கரத்தில் கருகல் வாடை வருகிறது, பார்த்தீர்களா என்று கேட்டார். போய்ப் பார்த்தால் ஹப்பின் தூசி மூடியைக் காணோம், ஹப் கிட்டே கையையே கொண்டுபோக முடியவில்லை.

ஆறவிட்டுக் கழற்றிப் பார்த்தோம். ஒரு ஹப்பில் உள், வெளி என்று இரண்டு பேரிங் இருக்கும். வெளிப் பேரிங்கின் ரோலர்கள் நீலம் பாய்ந்து, அவற்றைப் பிடித்து வைக்கும் கேஜ் நசுங்கிக் கிடந்தது. அதில் கிரீஸ் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. பட்டறையில் அடித்த கிரீஸ் அத்தனையும் பிரேக் டிரம்முக்குள் இருந்தது, அதிலுள்ள பிரேக் ஷூ, காந்தம், பின்தட்டு எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டு. கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும், ஹப்பின் பின்பக்க ஆயில் சீல் கிழிந்திருந்ததை அங்கே யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது, ஏனென்றால் யாரும் ஹப்பைத் திறக்கவே இல்லை.

இங்கேதான் அந்த நிப்பிள் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஸ்பிண்டிலின், அதாவது ஹப் சுற்றும் அச்சு முனையின், நுனியில் நிப்பிள் இருக்கும் அச்சுகளில், நீங்கள் அழுத்தும் கிரீஸ் ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் துளை வழியாக முதலில் பின்னால் போகிறது, அதாவது ஆயில் சீலுக்கும் உள் பேரிங்குக்கும் நடுவில் வெளியே வருகிறது. அங்கிருந்து உள் பேரிங்கைக் கடந்து, ஹப்பின் குழியை நிரப்பி, கடைசியாகத்தான் வெளிப் பேரிங்குக்கு வந்து சேரும். சீல் நன்றாக இருந்தால் இது நடக்கும். சீல் கிழிந்திருந்தாலோ, கிரீஸ் கன்னை வேகமாக அழுத்தினாலோ, சக்கரத்தைச் சுற்றாமலே அடித்தாலோ, கிரீஸ் சுலபமான வழியைத் தேடிக்கொள்ளும், அது டிரம்முக்குள் போகும் வழி. பிரேக்கும் போச்சு, வெளிப் பேரிங்குக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் இடது சக்கரத்தில் பிரேக் பிடிக்காததால்தான் வண்டி வலப்பக்கம் இழுத்தது. கன்ட்ரோலரைக் கூட்டியதால் பிடித்துக்கொண்டிருந்த வலது சக்கரம் மட்டும் இன்னும் பலமாகப் பிடித்தது. ஒரு பக்கமாக இழுத்தால் அளவைக் கூட்டக் கூடாது, நிறுத்தி ஏன் என்று பார்க்க வேண்டும். இதை நான் அன்றே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நிப்பிளே கூடாது என்று நான் சொல்லவில்லை. படகு டிரெய்லர் மாதிரி அடிக்கடி தண்ணீரில் இறங்கும் வண்டிக்கு அது உதவும். அப்போதும் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கையால் சுற்றிக்கொண்டே, கையால் இயக்கும் கிரீஸ் கன்னில் மெதுவாக அழுத்த வேண்டும். ஆனால் அது ஹப்பைத் திறந்து பார்ப்பதற்கு மாற்றாகாது. பொதுவாக அச்சுத் தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு 12 மாதம் அல்லது 12,000 மைல், அதாவது சுமார் 19,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது ஹப்பைக் கழற்றி, பேரிங்கைக் கழுவி, பார்த்து, புது கிரீஸ் நிரப்ப வேண்டும். நாங்கள் வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வண்டிகளைத்தான் முதலில் திறந்து பார்க்கச் சொல்வேன். மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும்போது ஹப்புக்குள் ஈரம் படிந்து, ரோலர் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் கோடு கோடாக அரித்துவிடும். ஓடாத வண்டிக்குத் தேய்மானம் இல்லை என்பது பேரிங் விஷயத்தில் சரியில்லை.

திறப்பது பயப்படும்படியான வேலை இல்லை, பொறுமை வேண்டும், அவ்வளவுதான். சமதரையில் இழுவை வண்டியோடு கோர்த்தபடியே நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். ஜாக்கியைச் சட்டத்துக்கு அடியில் வையுங்கள், அச்சுக் குழாயின் நடுவில் வைத்தால் குழாய் வளைந்துவிடும், அப்புறம் டயர் ஒரு பக்கமாகத் தேய்வதற்குக் காரணம் தெரியாமல் அலைய வேண்டியிருக்கும். தூக்கியதும் ஸ்டாண்டு வைக்காமல் கையை உள்ளே விடாதீர்கள். கழற்றுவதற்கு முன்னாலேயே ஒரு சோதனை செய்யலாம்: டயரின் மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், டொக் டொக் என்று ஆட்டம் தெரிகிறதா என்று. பிறகு சுற்றிவிட்டு ஸ்பிரிங்கில் கை வைத்துப் பாருங்கள், பேரிங் போயிருந்தால் மணலை அரைப்பது போன்ற அதிர்வு கையில் தெரியும்.

தூசி மூடி, நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின், நட்டு, வாஷர், வெளிப் பேரிங், பிறகு டிரம்மோடு ஹப் என்று வரிசையாக வந்துவிடும். எந்தச் சக்கரத்தின் பேரிங் எது என்று கலந்துவிடாமல் தனித்தனியாக வையுங்கள், ஒவ்வொரு ரோலரும் தன்னுடைய கப்போடு, அதாவது ஹப்புக்குள் அது உருளும் வளையத்தோடு, சேர்ந்து தேய்ந்து பழகியிருக்கும். மண்ணெண்ணெயில் பழைய கிரீஸ் ஒரு பொட்டு இல்லாமல் கழுவி, துணியால் துடைத்து உலரவிடுங்கள். காற்றுக் குழாயால் பேரிங்கைச் சுற்றவிட்டு விளையாடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம், உலர்ந்த பேரிங் அந்த வேகத்தில் உடைந்து ரோலர் தெறித்தால் கண் போய்விடும்.

கழுவிய பேரிங்கை நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள், அது தன் கதையை எல்லாம் சொல்லும். வைக்கோல் நிறமோ நீலமோ ஏறியிருந்தால் சூடு கண்டது. கப்பில் ரோலர் இருக்கும் இடைவெளிக்குச் சரியாகப் பள்ளங்கள் விழுந்திருந்தால் பெரிய குழியில் விழுந்த அடி அல்லது அளவுக்கு மீறிய சுமை. உலோகம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. மங்கலான கறைக்கோடுகள் ஈரத்தின் வேலை. நகத்தால் தடவினால் தட்டுப்படும் எந்தக் குறையாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், மாற்றும்போது பேரிங்கை மட்டும் மாற்றி பழைய கப்பை அப்படியே விடாதீர்கள், இரண்டும் ஜோடி. பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் பின்பக்கமிருந்து மாற்றி மாற்றித் தட்டி எடுக்கலாம். புதியதை உள்ளே இறக்கும்போது அது அடிமட்டத்தில் போய் உட்கார்ந்தவுடன் சுத்தியல் சத்தம் மாறும், அந்தச் சத்தத்தைக் கேட்கும் வரை நிறுத்தக் கூடாது.

கிரீஸ் விஷயத்தில் கையில் எது கிடைக்கிறதோ அதைப் போடுவது பெரிய தவறு. லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகை, 2ஆம் எண் கெட்டித்தன்மை, சக்கரப் பேரிங்குக்கு என்று போட்டிருக்கும் கிரீஸ் பெரும்பாலான டிரெய்லர்களுக்குச் சரிவரும். லித்தியம், பாலியூரியா, களிமண் அடிப்படையிலானவை என்று பல வகை உண்டு. ஒன்றோடொன்று சேராத இரண்டு கலந்தால் இளகி ஓடிவிடலாம், அதனால் வகை மாற்றினால் பழையதை முழுக்கக் கழுவியே ஆக வேண்டும். நிரப்புவதற்குக் கையைவிட நல்ல கருவி இல்லை: உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸை வைத்துக்கொண்டு, பேரிங்கின் அகலமான ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி எடுங்கள், எதிர்ப் பக்கம் ரோலர்களுக்கு நடுவிலிருந்து கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை, சுற்றிலும். ஆயில் சீலை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். பழையது பார்க்க நன்றாக இருக்கிறதே என்று திருப்பிப் போடாதீர்கள், கெட்ட சீலின் விலையை நான் மேலே சொல்லிவிட்டேன். சீலின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டினால் கோணாமல் நேராக இறங்கும்.

இனி நட்டு. எனக்குத் தெரிந்து அதிகமாகப் பேரிங் போவது இந்த ஒரு இடத்தில்தான். நல்லவர்கள், கவனமானவர்கள், சக்கரம் கழன்றுவிடக் கூடாதே என்ற பயத்தில் நட்டை ஓங்கி இறுக்கிவிடுகிறார்கள். கூம்பு ரோலர் பேரிங்குக்கு அது எமன், கொஞ்ச தூரத்திலேயே காய்ந்து எரிந்துவிடும். இந்த வகை டிரெய்லர் அச்சுகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் முறை: ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டைச் சுமார் 50 அடி-பவுண்டு, அதாவது 68 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள், இதில் பேரிங்கும் கப்பும் தங்கள் இடத்தில் உட்காரும். பிறகு ஹப்பைச் சுற்றாமல் நட்டை மட்டும் தளர்த்துங்கள். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு விரலால் மட்டும் நட்டைத் திருகுங்கள். காட்டர் பின் துளை பொருந்தினால் பின்னைப் போடுங்கள், பொருந்தாவிட்டால் இறுக்காமல் அடுத்த துளை வரும் வரை தளர்த்துங்கள். முடிந்தபின் நட்டு காட்டர் பின்னின் தயவில்தான் நிற்க வேண்டும், விரலால் துளி அசைய வேண்டும். கையில் கண்டும் காணாததுமான ஒரு சின்ன ஆட்டம் இருப்பது தப்பில்லை. காட்டர் பின் புதிது போடுங்கள். நிமிர்த்தி மறுபடி வளைத்த பழைய பின் எப்போது முறியும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் அச்சின் கையேடு வேறு முறை சொன்னால் அதன்படியே செய்யுங்கள். குறிப்பாக கிரீஸை உள்ளேயே வைத்து மூடிய பேரிங் உள்ள ஐரோப்பிய காரவன்களில் இந்த வேலையே கிடையாது. அல்-கோ நிறுவன வகை ஹப்புகளில் ஒரே முறை பயன்படுத்தும் நட்டு, 290 நியூட்டன் மீட்டர் இறுக்கம், அதை வீட்டில் விரலால் திருகினால் விபத்துதான். எந்த வகை என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்.

ஹப் கையில் இருக்கும்போதே பிரேக்கையும் பார்த்துவிட வேண்டும், இரண்டும் ஒரே வேலை. பல பயண டிரெய்லர்களில் இருப்பது 12 வோல்ட் மின்சாரப் பிரேக். நீங்கள் மிதித்ததும் கன்ட்ரோலர் மின்சாரம் அனுப்புகிறது, காந்தம் சுற்றும் டிரம்மின் உள்முகத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது, டிரம் அதை இழுத்துக்கொண்டு போகிறது, அந்த இழுப்பில் ஒரு நெம்புகோல் நகர்ந்து ஷூவை டிரம்மில் அழுத்துகிறது. ஆக வண்டியை நிறுத்துவது காந்தத்தின் பலம் இல்லை, சுற்றும் டிரம்மின் பலமேதான். அதனால்தான் காந்தத்தின் முகம் சீராகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன், ஒரு நேர்க்கோலை வைத்தால் தெரிந்துவிடும். சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ உள்ளே சுருள் கம்பி தெரிந்தாலோ அதை மாற்றுங்கள், மாற்றினால் அந்த அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் ஷூவும் அப்படியே. குட்டை லைனிங் உள்ள ஷூ வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும், நீளமானது பின்பக்கம். இதை மாற்றிப் போட்டுவிட்டுப் பிரேக் பிடிக்கவில்லை என்று கன்ட்ரோலரைக் குறை சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிரீஸ் ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவி வெயிலில் வைத்துத் திருப்பிப் போடுவதெல்லாம் வேண்டாம். லைனிங் கிரீஸைக் குடித்துவிடும், சூடேறியதும் மறுபடி கக்கும். டிரம்மில் இருக்கும் தூசியை ஊதாதீர்கள், பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கலாம், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

தானாகச் சரிசெய்துகொள்ளும் வகை இல்லையென்றால் ஷூவின் இடைவெளியை நாம்தான் சரிசெய்ய வேண்டும். புது ஷூ போட்டால் முதல் 320 கிலோமீட்டரில் ஒரு முறை, அதற்குப் பிறகு சுமார் 4,800 கிலோமீட்டருக்கு ஒரு முறை. பின்தட்டின் அடியில் இருக்கும் சந்து வழியாகப் பல்சக்கரத்தைத் திருகி, சக்கரத்தைக் கையால் சுற்றக் கஷ்டமாகும் வரை இறுக்கி, பிறகு லேசாக உரசும் சத்தத்தோடு சுலபமாகச் சுற்றும் வரை தளர்த்த வேண்டும். ஐந்து நிமிட வேலை, ஆனால் பிரேக் பலவீனமாக இருக்கிறது என்ற புகார்களில் நிறைய இதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் வயரைப் பாருங்கள். ஒவ்வொரு காந்தமும் மூன்று, நான்கு ஆம்பியர் எடுக்கும், நாலு சக்கரத்துக்கு 12 முதல் 16 ஆம்பியர். மெல்லிய வயரும் துருப்பிடித்த எர்த்தும் அதைத் தாங்காது, கன்ட்ரோலரில் 12 வோல்ட் காட்டினாலும் காந்தத்துக்குப் போய்ச் சேருவது மிகக் குறைவாக இருக்கும். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே வயர் அச்சுக் குழாய்க்குள்ளேயே போகும் வண்டிகளில், அது குலுங்கிக் குலுங்கித் தோல் உரிந்து குழாயில் பட்டு ஷார்ட் ஆவது மிகச் சாதாரணம். என் வண்டியில் அந்த வயரை வெளியே எடுத்துத் தடிமனான வயராக மாற்றி, உறை போட்டுக் கட்டியிருக்கிறேன். மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: ஒருவர் கன்ட்ரோலரின் கைப்பிடியை அழுத்திக்கொண்டிருக்க, இன்னொருவர் திசைகாட்டியை ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கொண்டுபோய்ப் பாருங்கள். முள் துள்ளினால் காந்தத்துக்கு மின்சாரம் வருகிறது. எந்தச் சக்கரத்தில் அசையவில்லையோ அங்கே தேடுங்கள்.

டிரெய்லர் கழன்றுவிட்டால் தானாகப் பிரேக் பிடிக்க வைக்கும் சின்ன சுவிட்சையும் சொல்லிவிடுகிறேன். அதன் கயிற்றைச் சங்கிலியிலோ கொக்கியிலோ மாட்டக் கூடாது. கொக்கியோடு சேர்ந்து கயிறும் போய்விட்டால், சுவிட்சில் செருகியிருக்கும் பின் இழுபடவே இழுபடாது. இழுவை வண்டியின் சட்டத்தில் தனியாக மாட்டுங்கள். வண்டி நிற்கும்போது பின்னை உருவிப் பார்த்துவிட்டு உடனே திருப்பிச் செருகுங்கள், வெகுநேரம் விட்டால் காந்தமும் பேட்டரியும் கெடும்.

எல்லாம் முடிந்து சக்கரத்தை மாட்டியபின் நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். 16, 40, 80 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி சரிபாருங்கள். அந்த நிறுத்தத்திலேயே ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பது சாதாரணம், மற்றவற்றைவிட ஒன்று மட்டும் தெளிவாகச் சூடாக இருந்தால் அங்கிருந்து நகராதீர்கள். எங்கள் வீட்டில் இப்போது பிள்ளைகள்தான் இதைச் செய்கிறார்கள், வண்டி நின்றதும் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடிவிடுவார்கள்.

ஆசிரியர் அவர்களே, அந்த ஒரு வரிக்கு அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விடுமுறைக் காலம் நெருங்குகிறது, உங்கள் கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டு கிளம்புபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

அன்றைக்கு நாங்கள் எப்படி அங்கிருந்து கிளம்பினோம் என்று சொல்லவில்லை. அந்தப் பெரியவர் தன் டிரெய்லரிலிருந்து ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே கிரீஸ் நிரப்பி பிளாஸ்டிக் பையில் சுற்றிய உள் பேரிங், வெளிப் பேரிங், கப்புகள், ஒரு சீல், நாலு காட்டர் பின். பேரிங்கில் பொறித்திருந்த எண்களை என்னுடையதோடு ஒப்பிட்டார், எல்68149, எல்44649, 3,500 பவுண்டு அச்சுகளில் பரவலாக இருக்கும் ஜோடி, பொருந்தியது. இரண்டு மணி நேரம் தரையில் படுத்து என்னோடு வேலை பார்த்துவிட்டு, பக்கத்து ஊர் வரை என் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். ஷூக்களை அங்கே மாற்றினோம். டப்பாவுக்குப் பணம் வாங்கவில்லை, உன் டப்பாவை யாருக்காவது கொடு என்றார். போன மாதம் ஒரு ஓய்விடத்தில் என் டப்பாவை ஒரு இளம் தம்பதிக்குக் கொடுத்தேன், அவர்களுக்கும் அதே எண்தான். இந்த வாரம் புது செட் வாங்கி கிரீஸ் நிரப்பி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்